சுடலைமாடனுக்கு நேர்ந்த பெட்டை

மாரித்தாய் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை பார்த்தாள். வெளியூர்க்காரர்களுக்கு ஆபீஸ் என்றால் நாற்காலியும் மின்விசிறியும் நினைவுக்கு வரும். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற கொட்டகைக்குத்தான் ஆபீஸ் என்று பெயர். அவள் விரல்கள் குச்சியில் ஓடும் வேகத்தை ஒருநாள் எண்ணிப் பார்க்க உட்கார்ந்தேன். பாதியில் எனக்குக் கண் இருட்டியது, அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவு எழுதி ஓய்வு பெற்றவன். கண்ணில் பட்டதை எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மழை, மின்வெட்டு, பக்கத்து வீட்டுக் கோழி இட்ட முட்டை, எதுவும் தப்பாது. அந்தப் பக்கத்து வீடுதான் மாரித்தாயின் வீடு.

1996இல் அவள் கணவன் வெயிலுமுத்து ஓட்டிய லாரி கவிழ்ந்து, அவனுக்கு இடுப்பில் பலமான அடி. படுத்த படுக்கையாகக் கிடந்தான். அவன் எழுந்து நடந்தால் சுடலைமாடசாமிக்கு ஒரு சேவல் கொடுப்பதாக மாரித்தாய் நேர்ந்துகொண்டாள். அவள் பிறந்த வீட்டு வழக்கப்படி விலைக்கு வாங்கிய சேவல் கூடாது. வீட்டில் அடைவைத்துப் பொரித்த குஞ்சைச் சாமியின் பீடத்தில் காட்டி, இதுதான் உனக்கு என்று சொல்லி வளர்க்க வேண்டும். சொன்னபின் மாற்றக் கூடாது.

அடைக்கு வைக்கிற முட்டைகளை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அண்ணாச்சி, நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கீங்களே. இதுல எது சேவலு?”

கூர்முனை முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதை அளவுகோல் வைத்துச் சரிபார்த்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான். ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “இதுதான். சந்தேகமே வேண்டாம்” என்றேன். மில்லில் ஒரு தொழிலாளியின் வருகையை உறுதி செய்யும்போதுகூட நான் அவ்வளவு கம்பீரமாகப் பேசியதில்லை.

அதிலிருந்து வந்த கறுப்புக் குஞ்சைப் பீடத்துக்குக் கொண்டுபோய் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். ஏழு மாதம் கழித்து, என் மனைவி பத்திரகாளி எங்கள் விறகு அடுக்கிலிருந்து ஒரு முட்டையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

“இந்தாங்க, ஒங்க சேவலு முட்ட போட்டிருக்கு.”

சுடலை ஆண் தெய்வம், பெட்டையை ஏற்காது. பூசாரி தவசியிடம் கேட்டதற்கு, கோவில் கொடைத் திருவிழா நடக்கும்போது சாமியே முடிவு சொல்லும் என்றுவிட்டார். கோவில் பங்காளிகளுக்குள் சண்டை வந்து கொடை நின்றுபோனது. அதற்குள் வெயிலுமுத்து எழுந்து நடந்துவிட்டான். அவன் கிடந்த காலத்தில் அந்தக் கறுப்புப் பெட்டைதான் வீட்டைத் தாங்கியது. முட்டை டீக்கடைக்குப் போகும், குஞ்சுகள் சந்தைக்குப் போகும். மாரித்தாய் வேலைவிட்டு வந்ததும் முதலில் பேசுவது அதனிடம்தான். மேஸ்திரி திட்டியது, தீக்குச்சி மருந்து வாடையில் தலைவலித்தது எல்லாம் அதற்குத் தெரியும்.

1999 சித்திரையில் கொடை என்று முடிவானது. அந்தப் பங்குனியில் பெட்டை கூவ ஆரம்பித்தது.

முழுக் கூவல் என்று சொல்ல முடியாது. கழுத்தை நீட்டி, “கொக் கோஓ” என்று ஏறி, உச்சியில் தொண்டை அடைத்து, கரகரவென்று இறங்கும். கொண்டை சிவந்து தடித்தது. முட்டை நின்றது.

“பேட்டரி போன லாரி மாதிரில்லா இழுக்குது” என்றான் வெயிலுமுத்து. “கூவுத பொட்ட வீட்டுக்கு ஆகாது. அறுத்துக் கொழம்பு வையி.”

“சாமி பொருள்ல கை வச்சியள்னா இந்தத் தடவ ரெண்டு காலும் போயிரும், பாத்துக்கிடுங்க” என்றாள் மாரித்தாய். அத்தோடு குழம்புப் பேச்சு அடங்கியது.

மறுநாள் வேலிக்கு அருகில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“அண்ணாச்சி, சேவலுன்னு சொல்லிக் கொடுத்தோம். பொட்டயா நின்னுச்சு. இப்பக் கொட வருதுன்னதும் சாமியே அதச் சேவலாக்கிக் கேக்குது. இது இல்லன்னா அன்னைக்கு எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்காது. இத நான் எப்பிடிக் கொண்டுபோய் நிறுத்துவேன்?”

எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், முதலில் என் மனதில் ஓடியது வேறு. என் கணிப்பு சரிதான், சற்றே தாமதமாகியிருக்கிறது என்று ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது.

பிறகு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன். முட்டைப்பை கெட்டுப்போனால் சில பெட்டைகள் கூவும், கொண்டையும் வளரும், ஆனாலும் அது பெட்டைதான் என்றார் டாக்டர். ஓடிவந்து சொன்னேன்.

“டாக்டர் சொன்னா சாமி கேட்டுக்கிடுமா?” என்றாள்.

எனக்கு இன்னொரு யோசனை வந்தது. பலிக்கு முன் கோழியின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமிக்குச் சம்மதம். மூன்று தடவை ஊற்றியும் சிலுப்பாவிட்டால் சாமிக்கு வேண்டாம் என்று அர்த்தம். தலையிலும் முதுகிலும் விளக்கெண்ணெய் தடவிவிட்டால் தண்ணீர் உறைக்காது, கோழி சிலுப்பாது என்றேன்.

மாரித்தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “சாமிகிட்ட எண்ண தடவிட்டா நிப்பாக? போங்க அண்ணாச்சி.”

பத்திரகாளி உள்ளேயிருந்து, “இவிய பேச்சக் கேட்டு நடந்தது போதாதாட்டி?” என்று குரல் கொடுத்தாள்.

மதியக் கொடை அன்று கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. தவசி கச்சை கட்டி, வல்லயம் என்கிற ஈட்டியை ஊன்றி, சாமி இறங்கி ஆடிக்கொண்டிருந்தார். மாரித்தாயால் கோழியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. “சேவலுன்னு சொன்னவரு பிடிக்கட்டும்” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். கோழி என் கைக்கு வந்தது.

தவசி என் முன்னால் வந்து நின்றார்.

“ஏலே, என்ன கொண்டாந்திருக்க? சேவலா, பொட்டயா?”

என் வாழ்நாளில் எந்தக் கேள்விக்கும் பதிவைப் பார்த்து ஒரே பதில் சொன்னவன். அன்று, “ரெண்டுலயும் எழுதியிருக்கேன் சாமி” என்றேன். மேளக்காரர் சிரித்துவிட்டார்.

குடத்தைத் தூக்கியவன் அவசரக்காரன். மஞ்சள் தண்ணீரில் பாதி கோழித் தலையிலும், மீதி என் வழுக்கையிலும் விழுந்தது. கொதித்துக் கிடந்த மண்டையில் கிணற்றுத் தண்ணீர். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஒரே சிலுப்பாகச் சிலுப்பினேன். கோழி என் கையில் கல் மாதிரி இருந்தது. தூரத்திலிருந்த பெண்களுக்கு எது சிலுப்பியது என்று தெரியவில்லை. சம்மதம் கிடைத்துவிட்டதென்று குலவை போட்டுவிட்டார்கள். மேளம் ஏறியது. அரிவாள்காரர் ஓர் எட்டு முன்னால் வந்தார்.

“யய்யா சாமி!” என்று அலறினாள் பத்திரகாளி. “சிலுப்புனது எங்க வீட்டுக்காரரு!”

தவசி கையை உயர்த்தினார். இரண்டாவது தடவை ஊற்றினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கோழி அசையவில்லை. மூன்றாவது தடவை. இறகு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது, அவ்வளவுதான். மாரித்தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு இது வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு போடீ” என்றார் தவசி.

“கூவுதே சாமி. வீட்டுக்கு ஆகாதுங்காவளே?”

“எவன் சொன்னான்? என் வாசலுக்கு வந்து திரும்புனத எவன் கேப்பான்?” வல்லயம் என் பக்கம் திரும்பியது. “சிலுப்புனவன் பதில் சேவல் குடுக்கட்டும். வெலைக்கு வாங்குனாலும் சரி.”

சரி சாமி என்றேன். விலைக்கு வாங்கினாலும் பரவாயில்லை என்று சாமி தளர்த்திக்கொடுத்தது என் முகத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். சேவல் வாங்கக் கிளம்பியவனை மாரித்தாய் தடுத்தாள்.

“நீங்க பாத்து எடுக்காண்டாம் அண்ணாச்சி. எங்க வீட்டு ஆளு போய், கூவுறதத் தன் காதால கேட்டு வாங்கிட்டு வரட்டும்.”

பிறகு கோழியை என் கையிலிருந்து வாங்கி முந்தானையால் துவட்டினாள். அப்போதுதான் அந்தச் சனியனுக்கு உணர்வு வந்தது. பீடத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டி, கொக் கோஓ என்று ஒரு இழுப்பு இழுத்தது. மாரித்தாய் அதன் கழுத்தை மெதுவாகத் தடவினாள்.

“கூவு, நல்லாக் கூவு” என்று சொல்லிக்கொண்டே, கூட்டத்தை விலக்கி வீட்டைப் பார்த்து நடந்தாள்.