விட்டோ, விட்டுடு

மேலிருந்து பார்த்தால் அண்ணாவின் முகம் தெரியாது. கேமராவில் மாட்டிய ஃபிஷ்ஐ லென்ஸ் மட்டும் தரையோடு தரையாக ஒரு குண்டுக் கண்ணாடி விழிபோல மின்னும். அதற்குப் பின்னால் மடங்கிய முழங்கைகள், அதற்கும் பின்னால் செம்மண் அப்பிய ஜீன்ஸ். விழிஞ்ஞம் போகிற வழியில் மூடிக்கிடந்த ஓர் ஐஸ் கம்பெனியின் தாழ்ந்த கூரைமேல், பிரேக் இல்லாத என் பிஎம்எக்ஸ் சாகச சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, விளிம்பிலிருந்து எட்டிப்பார்த்தபோது நான் கண்டது அதைத்தான். ஒன்றரை ஆள் உயரம். விழுவதற்கு நான் பயப்படவில்லை. முழங்காலும் முழங்கையும் அதற்கு எப்போதோ பழகிவிட்டன. நான் வந்து இறங்க வேண்டிய பலகைக்கு ஒட்டினாற்போல அவன் படுத்திருந்தான். ஒரு சாண் பிசகினால் நான் இறங்குவது பலகையில் இல்லை, அவன் மார்பில். இன்றைக்கும் கண்ணை மூடினால் வருகிற பயம் அதுதான்.

அண்ணா என்றால் பெரியம்மா பிள்ளை. வலியசாலையில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். வாரநாட்களில் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஊரில் உள்ள எல்லாப் படிக்கட்டுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் கீழே போய்ப் படுத்துக்கொள்வான். அவனுக்குச் சைக்கிள் அவ்வளவாக ஓட்ட வராது என்பது எங்கள் சைக்கிள் கூட்டத்துக்கே பெரிய வேடிக்கை. “ஓட்டறவாளுக்கு அது ஒரு செகண்டுல தீர்ந்து போறது கேட்டியா. எனக்கு அது வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பப் பாக்கறதுக்காக்கும்” என்பான். ஏன் இவ்வளவு கிட்டப் படுக்கிறாய் என்று கேட்டால், அந்த லென்ஸ் எல்லாவற்றையும் தூரத்தில் தள்ளிக் காட்டும், கிட்டப் போகாவிட்டால் கூரைகூட படிக்கட்டு மாதிரி தெரியும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று விளக்குவான். பெரியம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் போதவில்லை. “இவ பிரேக் இல்லாத வண்டியில சாடறா. நீ அதுக்குக் கீழ போய்ப் படுத்துக்கறாய். உங்க ரெண்டு பேர்ல ஆருக்குக் கிறுக்கு கூடுதல்னு எனக்குத் தெரியலை” என்று சொல்லிக்கொண்டே இருவருக்கும் தோசை வார்த்துப் போடுவாள்.

எங்கள் கூட்டத்தில் மற்ற எல்லோரும் மலையாளிகள். அதனால் தெருவைத் தாண்டியதும் அண்ணாவும் நானும்கூட மலையாளத்துக்கு மாறிவிடுவோம். திரும்பித் தெருவுக்குள் நுழைந்ததும் வீட்டுத் தமிழ். யாரும் சொல்லித்தந்து வந்ததில்லை, அப்படி ஆகிவிட்டது. கூட்டத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டுகிறவர் தயாராக நின்றுவிட்டால் “பாத்து” என்றோ “சூக்ஷிச்சு” என்றோ யாரும் வாய்திறக்கக் கூடாது. அந்தச் சொல் காதில் விழுந்தால் முட்டி தளர்ந்துவிடும். பேச உரிமை கேமராக்காரனுக்கு மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு சொல்: “விட்டோ.” மலையாளத்தில் கிளம்பு, போ என்று அர்த்தம். பதிவு ஓடத் தொடங்கியதும் அண்ணா அதைச் சொல்வான், நாங்கள் கிளம்புவோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த படத்தில் கடைசிக் காட்சி மட்டும்தான் பாக்கி. பிஎம்எக்ஸ் படங்களில் கடைசிக் காட்சிதான் எல்லாவற்றிலும் பயங்கரமாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கூரை. இறங்குவதற்குச் செம்மண் பாறையில் வெட்டியெடுத்த வெட்டுக்கல்லை அடுக்கி அதன்மேல் பிளைவுட் பலகையைச் சாய்த்திருந்தோம். முந்தின நாள் நல்ல மழை. ஏறி மிதித்துப் பார்த்தோம், அசையவில்லை. நான் எட்டிப்பார்த்துவிட்டுக் கூரையின் மறுகோடிக்குப் போனேன். அங்கிருந்து அவன் தெரியமாட்டான். ஹெல்மெட்டுக்குள் கடற்காற்றின் இரைச்சல், அதற்கும் மேலே என் மூச்சு. குரல் வந்தது. மிதித்தேன்.

விளிம்பைத் தாண்டி, இரண்டு சக்கரமும் காற்றில் இருந்தபோதுதான் கீழே கண்ணாடி விழி இல்லை என்பதைப் பார்த்தேன். கேமரா புல்லில் கிடந்தது. அண்ணா மண்டியிட்டு, பலகைக்கு அடியில் வலது தோளைக் கொடுத்துக்கொண்டிருந்தான். மழையில் ஊறிய கல் ஒன்று பொடிந்து பலகை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. காற்றில் இருக்கும்போது சைக்கிளைத் திருப்ப முடியாது, நிறுத்த முடியாது, வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனை நோக்கி வந்துகொண்டே இருந்தேன். பிறகு படாரென்று ஒரு சத்தம். பலகை என்று நினைத்தேன். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்குக் கன்னத்தில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அண்ணா மல்லாந்து கிடந்தான், உதடு வெளுத்திருந்தது. கூட்டத்தில் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒருவனை டாக்டர் என்றே கூப்பிடுவோம். எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் தோளை மெல்லத் தொட்டுவிட்டு, “இது எல்லாணு, பல்லல்ல” என்றான். இது எலும்பு, பல் இல்லை; எலும்பு அவன் பாடத்தில் இல்லையாம். ஆட்டோ வருகிறவரை நான் அண்ணாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவன் தமிழில் கேட்டான்: “விட்டுடுன்னேனேடீ. கேக்கலையா?”

“விட்டோன்னு கேட்டுது அண்ணா.”

கைவிட்டுவிடு, வேண்டாம், வராதே என்று வீட்டுத் தமிழில் அவன் கத்தியிருக்கிறான். போ என்று மலையாளத்தில் எனக்குக் கேட்டிருக்கிறது. அவன் சிரிக்கப் பார்த்தான். பாதியில் வலி வந்து சிரிப்பு முனகலாகிவிட்டது.

தோளில் உலோகத் தகடு வைத்தார்கள். கை ஓரளவு தேறியபின் முதல் வேலையாக அவன் படத்தை வெட்டி ஒட்டி முடித்தான். ஒரு சாயங்காலம் டாக்டர் வீட்டு மொட்டைமாடியில், வெள்ளையடித்த சுவரில் ஓட்டிக் காட்டினோம். கொல்லத்திலிருந்துகூட ஓட்டுகிற பையன்கள் வந்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் சைக்கிளே இல்லை. கவிழ்ந்த கேமரா பார்த்த புல், சாய்ந்த வானம், அவ்வளவுதான். மிச்சம் சத்தம்: அண்ணாவின் கூப்பாடு, கூரைமேல் டயர் உருளும் ஒலி, ஒரு நிசப்தம், அந்தப் படார். கூப்பாடு வந்ததும் மாடி முழுக்கக் கைதட்டல். “எந்தொரு விளியாடா அது” என்று அந்தக் கூப்பாட்டை மெச்சி டாக்டர் எழுந்தே நின்றுவிட்டான். எல்லோர் காதிலும் அது விட்டோதான். கூரையில் நின்றபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

வீட்டுக்குத் திரும்புகையில் கேட்டேன், எதற்காக அதைச் சேர்த்தாய் என்று. அவன் சொன்னான்: “வெட்டறச்சே எத்தனையோ தரம் கேட்டேன். மொதல்ல விட்டுடுன்னுதான் கேட்டுது. அப்பறம் விட்டோன்னு கேக்க ஆரம்பிச்சுது. வேண்டாம்னுதான் நெனச்சேன், அது நிச்சயம். வாய்ல எது வந்துதுன்னு இப்ப எனக்கே தெரியலைடீ. பழக்கத்துல அதுவே வந்திருக்குமோ என்னமோ.” எங்கள் தெரு வந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

சில வருஷம் கழித்து இப்போதுதான் அடுத்த படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அண்ணாவின் வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. படுத்துக்கொண்டு கேமராவைத் தூக்கிப் பிடிக்க முடியாது. அதனால் போன வாரம் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டான். “படுத்துக்கோ. வார்த்தையும் நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்” என்றவன் பின்னால் தள்ளிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. மேலே சைக்கிளோடு டாக்டர். இப்போது அவனுக்குச் சொந்த கிளினிக் இருக்கிறது, ஞாயிறு தப்பாமல் வந்துவிடுகிறான்.

கீழே படுத்துப் பார்த்தால் விளிம்பும் வானமும் மட்டும்தான். ஆள் தெரியாது. எந்தக் கணத்தில் அங்கே சக்கரம் முளைக்கும் என்று தெரியாது. பலகையை இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருந்தோம். நானே ஏறிக் குதித்துப் பார்த்தேன். ஆனாலும் தரையில் காதை வைத்ததும் பலகை முனகுவது போலிருந்தது. முனகியதா, என் பல்தான் கிட்டியதா, தெரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தேன். “விட்” என்பதுவரை வந்தது. அதற்கு மேல் எந்தப் பக்கம் போவது என்று நாக்கு நின்றுவிட்டது. இரண்டு சொல்லுக்கும் தொடக்கம் அதுதானே என்று எனக்கு உறைப்பதற்குள், மேலே டயர் உருளும் சத்தம் கிளம்பிவிட்டது.