சிவப்புத் துணி கட்டிய மாகாளி

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனிக்குத் திடீரென்று பூமியின் மேல் பாசம் பொங்கியது. நாட்றம்பள்ளி அருகே கரடு என்று சொல்லும் ஒரு சிறு பாறைக்குன்றைச் சுத்தம் செய்து மரக்கன்று நடுவார்களாம். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவன் என்பதால் மேடையில் உட்கார என்னையும் கூப்பிட்டார் மேனேஜர். "அங்க ஒண்ணுமே இல்ல சார், வெறும் புதர்" என்றார்.

அந்தப் புதரில்தான் மாகாளி இருந்தது. மாகாளிக்கிழங்கு ஊறுகாய் என்றால் நாக்கில் எச்சில் ஊறும் பலருக்கு, அது பாறை இடுக்கில் மெல்ல வளரும் ஒரு கொடிப்புதர் என்பதோ, தோண்டித் தோண்டியே அருகிப்போனது என்பதோ தெரியாது. அதற்கு முன்பே நான்கு வருடம் சட்டை கிழிய முள்ளில் அலைந்து, அது இருக்கும் இடங்களைத் தேடியிருந்தேன். மற்ற கரடுகளில் வெறும் குழிகள். இங்கே மட்டும் பதினேழு செடிகள் பிழைத்திருந்தன.

மேனேஜரிடம் கெஞ்சினேன். அவற்றை விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டு, அடையாளம் வைக்கச் சொன்னார். ஒரு ஞாயிறு முழுக்க ஏறி இறங்கி, பதினேழுக்கும் சிவப்புத் துணி கட்டினேன். பெரிய அறிவாளி என்ற நினைப்பு எனக்கு.

விழாவன்று காலையில் கரடு மொட்டையாகக் கிடந்தது. கிழங்கு வாசனை ஆளைத் தூக்கியது. ஜேசிபி ஓட்டுநர் அதுவரை நெடுஞ்சாலை அகலப்படுத்தும் வேலையில் இருந்தவர். அங்கே சிவப்பு அடையாளம் போட்ட மரம் என்றால் வெட்ட வேண்டிய மரம்.

"துணி கட்டுனதுல ஒண்ணுகூட விடல சார். பாறைக்குள்ள இருந்தத எடுக்கத்தான் பேஜாராப் போச்சு" என்று என் பாராட்டுக்காக நின்றார்.

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? மேனேஜரிடம் அத்தனை நேரம் பேசிய நான், மண்ணைத் தோண்டப்போகிறவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள். ஆத்திரத்தில் எனக்குக் கண் கலங்கியது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

மேடையில் மேனேஜர் இயற்கையைக் காப்பது பற்றி அரைமணி நேரம் முழங்கினார். அந்தப் பாறையில் நட்ட கன்றுகள் சித்திரையைத் தாண்டாது என்று தெரிந்தும் கைதட்டினேன். பொன்னாடைக்குக் கழுத்தையும் நீட்டினேன்.

கிளம்பும்போது என் வண்டியில் ஒரு மூட்டை ஏறியிருந்தது. கிழங்கு வீணாகப் போய்விடும், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார் ஓட்டுநர்.

வீட்டில் ஊறுகாய் போட்டோம். மோர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு நானும் தின்றேன்.