மதாம் வீட்டு நாய்க்குப் பல் சுத்தம்

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஒரு கால்நடை டாக்டரிடம் என் பூனைக்கு ஊசி போடப் போயிருந்தபோது அவரைப் பார்த்தேன். காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர். மடியில் வயதான வெள்ளைப் பொமரேனியன். மயக்க மருந்து கொடுத்து அதற்குப் பல் சுத்தம் செய்யக் கூட்டி வந்திருந்தார். வாய் ஓயாமல் புலம்பிக்கொண்டே இருந்தார்.

“நான் வேப்பங்குச்சியில தேய்க்கிறேன். இதுக்கு டாக்டரு, மயக்க ஊசி, மிஷினு! பிரெஞ்சுக்கார மதாம் வீட்டு நாயி சார். சவாரிக்கு வந்தேன், எனக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல.”

ஊசி போட்டதும் நாயின் தலை துவண்டு சாய்ந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

“வயசான உசுரு. முழிச்சிக்கும்ல சார்?” என்று டாக்டரை மூன்று முறை கேட்டார்.

நாயை உள்ளே கொண்டுபோனார்கள். மிஷின் ஓடிய நேரமெல்லாம் அவர் கதவை விட்டு நகரவில்லை. தேடி வந்த சவாரியையும் அனுப்பிவிட்டார். என் வேலை முடிந்தும் நானும் கிளம்பவில்லை.

கடைசியில் நாய் பளிச்சென்ற பல்லோடு தள்ளாடி வந்தது.

“இவ்ளோ நேரமா என்னாடி தூக்கம்? உசுரே போயிடுச்சி!” என்று அதட்டியபடியே வாரியெடுத்து முகத்தோடு அணைத்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்லன்னீங்களே?” என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “மதாங்கிட்ட சொல்லிடாதீங்க சார். பொறாமைப்படுவாங்க.”

அந்த மதாமை நான் பார்த்ததேயில்லை. ஆனாலும் அந்த அம்மாளை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.