அக்டோபர் தாளில் வந்த வசனம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அமைப்பது என் வேலை. போன சீசன் அவசரத்தில், கத்தோலிக்கக் கோயில் காலண்டருக்கு வந்த அக்டோபர் வசனத்தை எடுத்து, புராட்டஸ்டன்ட் சபை காலண்டரிலும் போட்டுவிட்டேன். சபை காலண்டர் அச்சாகியும் விட்டது.

அச்சானதைப் பார்க்க வந்த சபைப் போதகர் அக்டோபர் தாளிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, இது சீராக் புத்தகம். கத்தோலிக்க பைபிள்ல உண்டு, எங்க பைபிள்ல இது கிடையாதே."

"எல்லாம் ஒண்ணுதானங்கய்யா?" என்று அசடு வழிந்தேன்.

"நல்ல வசனந்தான், நானே வாசிச்சிருக்கேன். ஆனா வேதம்னு சொல்லி சபையார் வீட்டுச் சுவத்துல மாட்ட எனக்கு அதிகாரம் இல்ல தம்பி."

அந்நேரம் பார்த்துக் கத்தோலிக்கப் பங்குத்தந்தையும் உள்ளே வந்தார். அவர்களுடைய காலண்டர்தான் அடுத்து மெஷினில் ஏற வேண்டியது. சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் நடந்ததைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எங்களுக்கு அது வேதம். திருச்சபை சொல்லுது, அத நான் விட்டுக்குடுக்க மாட்டேன். ஆனா மெஷின விட்டுக்குடுக்கலாம். மொதல்ல அவுகளுக்கு மாத்தி அடிச்சுக் குடுங்க."

பிறகு இருவரும் எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். அதே புத்தகத்தைப் பற்றித்தான் வாக்குவாதம், குரல்கூட உயர்ந்தது. ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை.

எல்லாம் ஒண்ணுதான் என்று சொன்ன நான், அந்த வசனத்தை ஒருதரம்கூட வாசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. நீக்குவதற்கு முன் வாசித்தேன். உண்மையான நண்பனைப் பற்றி இருந்தது.