ஸ்டேஷனுக்குப் பதினெட்டு நிமிடம் நாற்பது வினாடி

மூன்றாவது நாய் கணுக்கால் வரை வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது. வீட்டு புரோக்கர் ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்துப் பின்னால் பார்த்தார்.

“எத்தனை சார் ஆச்சு?”

“மூணு,” என்றார் ஓடிவந்தவர்.

“முதல் தெருவுல படுத்திருந்ததையும் சேர்த்தா?”

“எழுந்திருக்காத நாயைக் கணக்குல எடுக்கறதில்ல.”

புரோக்கர் இருபது வருடமாக வீடு காட்டுகிறார். பின்சீட்டில் உட்காரச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓடிவரும் ஆளை இப்போதுதான் பார்க்கிறார். இன்று காலையில் இது நாலாவது வீடு. முதல் மூன்றையும் அந்த ஆள் உள்ளே போய்ப் பார்க்கவே இல்லை. தெருவைப் பார்த்தே வேண்டாம் என்றுவிட்டார்.

“இந்த ஏரியா நல்ல மேடு சார். எவ்வளவு மழை பெஞ்சாலும் தண்ணி நிக்காது.”

“எவ்வளவு மேடு?”

“நல்ல மேடு.”

“ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் ஏறும்னு கேக்கறேன்.”

புரோக்கர் கொஞ்சம் யோசித்தார். “உங்களுக்கு எவ்வளவு வேணும் சார்?”

ஓடிவந்தவருக்கு நாற்பத்து நாலு வயது. நகரத்தில் ஒரு சிறிய லேபில் பல் செட் செய்கிறார். டாக்டர்கள் அனுப்பும் தாடை அச்சுகளில் மெழுகு ஊற்றி, பல் அடுக்கி, தேய்த்துப் பளபளப்பாக்குவது வேலை. யார் சிரித்தாலும் முகம் அவருக்குத் தெரியாது, கடைவாய்ப் பல்தான் தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால் ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நடந்தார். நடந்துகொண்டிருந்தவரை ஒரு நாள் ஓர் எழுபது வயதுக்காரர் ஓடிக் கடந்து போனார். அன்றிலிருந்து இவரும் ஓடுகிறார். லேபில் அவருக்குக் ‘கிலோமீட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்குள்ளும் அந்தப் பெயர் வந்துவிட்டது.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பந்தயத்தில் மூன்று முறை ஓடியிருக்கிறார். ஆறு மணி நேரத்துக்குள் முடித்தால் மெடல். மூன்று முறையும் அவர் போய்ச் சேர்ந்தபோது முடிவுக் கோட்டுக்கு மேலே நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவைக் காற்றை இறக்கி மடித்துக்கொண்டிருந்தார்கள். போன முறை மடிக்கிறவர் இவரையே ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தார்.

பயிற்சியில் அப்படி இல்லை. அவருடைய வாட்ச் காட்டும் கணக்குப்படி ஆறு மணி நேரத்துக்குள் தாராளமாக வருகிறது. பந்தயத்தில் மட்டும் இருபது நிமிடம் எங்கோ போய்விடுகிறது. ஊர்தான் காரணம் என்று முடிவு செய்தார். வீடு மூன்றாவது மாடி. கீழே இறங்கி மூன்று கிலோமீட்டர் ஓடுவதற்குள் பதினோரு சிக்னல். அதைத் தவிர்க்க ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி எண்பத்து நாலு சுற்று ஓடுவார். அங்கிருந்த வாட்ச்மேன் தலை சுற்றுகிறது என்று நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஆகவே நகரத்துக்கு வெளியே வீடு. அதற்கென்று ஒரு நோட்டு. பக்கத்துக்கு ஐந்து கட்டம்: மேடு, மண்பாதை, நிழல், நாய், கழிப்பறை. அறை எத்தனை என்பதற்குக் கட்டம் இல்லை.

நோட்டைப் புரட்டிப் பார்த்த மனைவி கேட்டாள்: “இதுல நான் எந்தக் கட்டத்துல இருக்கேன்?”

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். ஏழரைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மாதம் ஒரு நாள்கூடத் தாமதமில்லாமல் வந்தால் லேப் இன்சார்ஜ் பதவி என்று பெரிய டாக்டர் வாயால் சொல்லியிருந்தார். நாலரை மாதம் முடிந்திருந்தது. நடுவில் ஒரு காய்ச்சல், ஒரு பஸ் ஸ்டிரைக், தங்கை கல்யாணம் எல்லாவற்றையும் தாண்டி வந்திருந்தாள்.

“எனக்கு ஒரே ஒரு கட்டம் போதும்,” என்றாள். “ஆறு நாப்பது வண்டி. வாசல்லேருந்து பிளாட்பாரத்துக்கு இருபது நிமிஷம். ஒரு நாள் அந்த வண்டி போச்சுன்னா நான் அப்பாவைக் கூட்டிக்கிட்டு இந்த வீட்டுக்கே திரும்பிடுவேன். குடிபோற மாசக் கடைசி வரைக்கும் இந்த வீட்டுச் சாவி நம்மகிட்டதான். நீங்க அங்கேயே ஓடிக்கிட்டிருங்க.”

“என்னை ஏம்மா இழுக்கறே?” என்றார் மாமனார். அவர் பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவர். காலையும் மாலையும் சாவி கொடுக்கிற பழைய வாட்ச் இன்னும் கையில் இருக்கிறது. “மாப்பிள்ளை, எனக்கு ஜன்னல்லேருந்து பஸ் தெரிஞ்சா போதும். லேட்டா வரானா சீக்கிரம் வரானான்னு பாத்துக்கிட்டிருப்பேன்.”

நாலாவது வீட்டு ஜன்னலில் பஸ் தெரிந்தது. பின்பக்கம் ஒரு வாய்க்கால், அதன் கரையோடு ஆறு கிலோமீட்டர் மண்பாதை, இரண்டு பக்கமும் மரம். கிலோமீட்டர் அந்தப் பாதையில் காலை வைத்து ஒரு முறை அழுத்திப் பார்த்தார். கட்டில் மெத்தையை அழுத்திப் பார்க்கிறவர்கள் முகம் அப்படித்தான் இருக்கும். மேடு என்று எதுவும் இல்லை. தட்டு மாதிரி இருந்தது.

“மேடு எங்கே?” என்றார்.

“அது மழைக்காலத்துலதான் தெரியும் சார்,” என்றார் புரோக்கர்.

வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. மிச்சம் இருந்தது மனைவியின் கட்டம்.

“உங்க நடை வேற, என் நடை வேற,” என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். “நான் நடக்கற மாதிரி நடந்து பாத்துட்டு வாங்க. பையோட.”

அவளுடைய வார விடுமுறை நாளில் அவளுடைய கைப்பையை வாங்கிக்கொண்டு கிளம்பினார். உள்ளே குடை, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், மருத்துவப் புத்தகம் ஒன்று. எடை மாறக்கூடாது என்பதால் டப்பாவில் சாப்பாடும் இருந்தது. முதல் பஸ் பிடித்துப் புது வீட்டு வாசலுக்குப் போய், சரியாக ஆறு பதினைந்துக்கு வாட்ச்சை அழுத்தி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அவள் இடது கையைக் கொஞ்சம் தள்ளி வீசுவாள். அதையும் வீசினார். எதிரில் பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளை ஓரம் கட்டி அவர் போகும்வரை நின்றார்.

முக்கால் தூரத்தில் ரயில்வே கேட். மூடியிருந்தது. ஸ்டேஷன் அந்தப் பக்கம்.

கேட் கீப்பர் கொடியோடு நின்றுகொண்டிருந்தார். “பை அழகா இருக்கு சார்,” என்றார். சொல்லும்போது அவருடைய கீழ்ப்பல் செட் மேலே எழும்பிக் கீழே விழுந்தது.

அதன் பிறகு கிலோமீட்டருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. “யார் செஞ்சது இது?” என்றார். கேட் கீப்பர் கழற்றிக் கொடுத்தார். கிலோமீட்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது ஓரம் தூக்கியிருக்கிறது, உள்பக்கம் வளைவு போதாது, எந்த முட்டாள் தேய்த்தானோ என்றார். பல் இல்லாமல் கேட் கீப்பர் ஏதோ பதில் சொன்னார். ஓர் எக்ஸ்பிரஸ் போனது. பிறகு எதிர்ப்பக்கமிருந்து ஒரு பாசஞ்சர் வந்து ஸ்டேஷனில் நின்றது. ரயில் வசதி நன்றாகத்தான் இருக்கிறது என்று கிலோமீட்டர் நினைத்துக்கொண்டார். கேட் திறந்தது. பல்லைக் கொடுத்துவிட்டு, இடது கையைத் தள்ளி வீசிக்கொண்டு, பிளாட்பாரத்தில் போய் வாட்ச்சை அழுத்தினார்.

பதினெட்டு நிமிடம் நாற்பது வினாடி.

அன்றே முன்பணம் கொடுத்து வீட்டை முடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான்கள் போய்ச் சேர்ந்தன. திங்கள் காலை ஆறு பதினைந்துக்கு மனைவி பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். முதல் நாள் என்பதால் கிலோமீட்டரும் வாய்க்கால் கரையில் ஓடிவிட்டு, வியர்வை சட்டையோடு கூடவே வந்தார்.

“பாதை நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அவள்.

“சொன்னேன்ல.”

கேட் மூடியிருந்தது. ஆறு இருபத்தொன்பது. தடிக்கு அந்தப் பக்கம் முந்நூறு மீட்டரில் ஸ்டேஷன் தெரிந்தது. யாரோ பிளாட்பாரத்தில் கொட்டாவி விடுவதுகூடத் தெரிந்தது.

“வாங்க சார், பை கைமாறிடுச்சா,” என்றார் கேட் கீப்பர்.

“கேட் எப்போ திறக்கும்?” என்று மனைவி கேட்டாள்.

“ஆறு நாப்பத்தி மூணு. தினமும் ஆறு இருபத்தேழுக்கு மூடிடுவோம். முதல்ல எக்ஸ்பிரஸ். அப்புறம் ஆறு நாப்பது பாசஞ்சர்.”

“ஆறு நாப்பது வண்டிக்காக மூடறீங்க.”

“ஆமா.”

“ஆறு நாப்பது வண்டிக்குப் போறவங்க?”

“அவங்க ஆறு இருபத்தேழுக்கு முன்னாடியே போயிடுவாங்க.”

குனிந்து நுழைய முடியாது. கேட் கீப்பர் பல்லுக்குத்தான் சிநேகிதர், கேட்டுக்கு இல்லை. ஒரு ஆளை அப்படிப் பிடித்துப் போலீசில் கொடுத்ததை அவரே பெருமையாகச் சொல்லியிருந்தார்.

மனைவி கணவனைப் பார்த்தாள். கிலோமீட்டருக்கு அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

“சுரங்கப்பாதை இருக்கு,” என்றார். “இப்படியே தண்டவாளத்தை ஒட்டி அறுநூறு மீட்டர். அந்தப் பக்கம் ஏறித் திரும்பி எண்ணூறு. நான் ஓடிப் பாத்திருக்கேன்.”

“அப்போ பத்து நிமிஷத்துல ஆயிரத்து நானூறு மீட்டர்.”

“ஓடணும்.”

பையை அவர் தோளில் மாட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவள் ஓடத் தொடங்கினாள்.

கிலோமீட்டர் பின்னால் ஓடினார். “ஆரம்பத்துல வேகமா போகாதே,” என்றார். “மூச்சை எண்ணி விடு. தோளைத் தளர்த்து.” அவள் தோளைத் தளர்த்தவில்லை. ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும்தான். பதினாறு வருடமாக ரத்தம் எடுத்த டியூப் தட்டோடு ஐந்து மாடி ஏறி இறங்குகிறவள். சுரங்கப்பாதையில் கணுக்கால் தண்ணீர் நின்றது. அவள் நடுவில் போட்டிருந்த செங்கற்களில் தாவிப் போனாள். இவர் தண்ணீரிலேயே ஓடினார். பைக்குள் டப்பாவும் பாட்டிலும் மோதிக்கொள்ளும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது.

மேலே ஏறும்போது அவருக்கும் அவளுக்கும் இடையில் நூறு மீட்டர் இருந்தது. ஸ்டேஷன் நெருங்க அது இருநூறாயிற்று. “பையை!” என்று அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். அவர் நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். மறுபடி ஓடினார். பாசஞ்சர் வந்து நின்றிருந்தது. அவள் வாசலில் ஒரு காலும் பிளாட்பாரத்தில் ஒரு காலுமாக நின்று கையை நீட்டியிருந்தாள். பையைக் கொடுத்தார். வண்டி நகர்ந்தது.

“சாயங்காலம் பேசிக்கலாம்,” என்றாள் அவள். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

சாயங்காலம் பேச்சைத் தொடங்கியது மாமனார். “அந்த வாட்ச்சைக் கொஞ்சம் குடுங்க மாப்பிள்ளை,” என்றார். அதைத் தன் வாட்ச்சுக்குப் பக்கத்தில் வைத்து, டெப்போவில் புகார் விசாரிக்கும் குரலில் கேட்டார். “அன்னிக்குப் பையோட போனீங்களே. கேட்டுல எவ்வளவு நேரம் நின்னீங்க?”

“கொஞ்ச நேரம். பல் பாத்தேன்.”

“அந்தக் கொஞ்ச நேரம் பதினெட்டு நாப்பதுல இருக்கா?”

கிலோமீட்டர் யோசித்தார். “நான் நின்னா அது தானா நின்னுடும் மாமா. மறுபடி கிளம்பினா தானா ஓடும். அது ஒரு வசதி.”

“யாருக்கு?”

கிலோமீட்டர் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

“என் வாட்ச் நான் நின்னாலும் ஓடுது,” என்றார் மாமனார். “முப்பத்தொரு வருஷத்துல எத்தனை டிரைவரைப் பாத்திருக்கேன். டீ குடிச்ச நேரத்தைக் கழிச்சா எல்லாரும் கரெக்ட் டைம்தான். ஆமா, ஓட்டப் பயிற்சியில தண்ணி குடிக்க நிப்பீங்களா?”

“நிப்பேன்.”

“ஷூ கயிறு கட்ட?”

“நிப்பேன். சிக்னல்ல நிப்பேன்.” கிலோமீட்டர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. “பந்தயத்துல ஒவ்வொரு தண்ணி மேஜையிலயும் ஒரு வார்த்தை பேசிட்டுத்தான் போவேன்.”

“பந்தயக்காரங்க வாட்ச்?”

“அது நிக்காது.”

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி உட்கார்ந்து சிரித்தாள். மூன்று வருடம், மூன்று பந்தயம், ஒரு வீடு. காலையிலிருந்து வைத்திருந்த கோபத்தை எங்கே வைத்தோம் என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

“அப்போ ஊர்ல ஒரு குத்தமும் இல்ல,” என்றாள்.

“காத்து இங்க நல்லாத்தான் இருக்கு,” என்றார் கிலோமீட்டர்.

“பழைய வீட்டுச் சாவி மாசக் கடைசி வரைக்கும் என்கிட்டயே இருக்கும். நாளைக்கு ஆறு மணிக்குக் கிளம்பறேன். அந்தப் பதினஞ்சு நிமிஷம் உங்க கணக்குலேருந்து. சாப்பாடு கட்டறது நீங்க. நான் இனிமே ஓட மாட்டேன்.”

“நல்லா ஓடினே,” என்றார் அவர். “நான் அந்த வேகத்துல ஓடினதே இல்ல.”

“தெரியும். திரும்பித் திரும்பிப் பாத்தேனே.”

அவர் வாட்ச்சில் எதையோ தேடி அழுத்தி, தானாக நிற்கும் வசதியை நிறுத்தினார். மாமனார் சரிபார்த்தார்.

மறுநாள் கிலோமீட்டர் நாலேகாலுக்கு எழுந்து எட்டு கிலோமீட்டர் ஓடினார். முந்தின வாரத்தைவிட ஒன்பது நிமிடம் அதிகம் காட்டியது. ஐந்தே முக்காலுக்குச் சாப்பாட்டு டப்பாவை மூடினார். ஆறு மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். ஆறு பதினாலுக்குக் கேட்டைக் கடந்தார்கள். மனைவி பிளாட்பாரத்தில் இருபத்திரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். ஆறு நாற்பது வண்டி ஆறு நாற்பத்தொன்றுக்கு வந்தது, ஏறினாள். கிலோமீட்டர் திரும்பி வரும்போது கேட் மூடியிருந்தது. தடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட் கீப்பர், பல் செட்டில் வலது ஓரமும் இடிக்கிறது என்று சொன்னார். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. மாலையில் மாமனார், பதினொன்றேகால் பஸ் நாலு நிமிடம் தாமதம் என்று தெரிவித்தார்.