பெரியப்பா அடைத்த ஜன்னல்

பெரியம்மாவின் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். முந்நூறு வருஷத்துக் கல் வீடு. இரண்டு முழம் தடிமனில் சுவர். கீழே மாடுகள் இருந்த அறை, மேலே மனிதர்கள். மாடிக்குப் போக வெளியே இருபத்திரண்டு கல்படிகள். அவற்றில் தினமும் யார் ஏறி இறங்குகிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

பெரியம்மாதான். அடுப்பும் தண்ணீரும் கீழே. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த பெரியப்பா இரண்டு வருஷமாக மேலே படுக்கையில். கஞ்சிக்கு ஒரு தடவை, மாத்திரைக்கு ஒரு தடவை, அவர் சும்மா கூப்பிட்டதற்கு ஒரு தடவை. பெரியம்மாவின் முழங்கால் விட்டுப்போய்விட்டது.

அவரைக் கீழே கொண்டுவரலாம். ஆனால் அந்த மாட்டு அறையில் ஜன்னல் இல்லை. காற்றில்லாத இடத்தில் படுக்கவைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய வீடு என்பதால் புது ஜன்னல் வைக்க அரசாங்கத் தடை. முன்பு இருந்த ஜன்னலைத் திறந்துகொள்ளலாமாம்.

முன்பு இருந்தது. மாடுகளை விற்றதும் எலி வருகிறதென்று அடைத்தவரே பெரியப்பாதான். கொத்தனார் அல்லவா, இடிந்த மதிலிலிருந்து அதே வயதுக் கல்லாகப் பொறுக்கி, அதே சுண்ணாம்பு பூசி அடைத்தார். யாராவது கண்டுபிடித்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று ஊரெல்லாம் சவால் வேறு.

ஜன்னல் இருந்ததற்கு அடையாளம் கிடைத்தால்தான் அனுமதி. பழைய கட்டிடங்களுக்கான அதிகாரி வந்து, பெரியம்மா குத்துமதிப்பாகக் காட்டிய பக்கத்தில் ஒரு மணி நேரம் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"வேலை ரொம்ப சுத்தம்மா, எதுவுமே தெரியல. ஒரே ஒரு கல்ல எடுத்துப் பாக்க அனுமதி தரேன். எந்தக் கல்லுன்னு அவரையே கேட்டுச் சொல்லுங்க."

கேட்டோம். "மறந்துபோச்சு," என்றார் பெரியப்பா.

தான் கட்டிய ஒவ்வொரு சுவருக்கும் எத்தனை கல் போயிற்று என்று ஒப்பிக்கிற மனிதர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியம்மா கோபப்படவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, பொய் சொல்லாதீங்க. என்னால முடியல."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னைக் கீழ தள்ளிட்டு நீ மேல நிம்மதியா தூங்குவ. நான் மாட்டுக் கொட்டில்ல தனியா கெடக்கணுமா?"

"யாரு மேல தூங்கப் போறா? ரெண்டு கட்டில் போட எடம் இருக்கான்னு போன மாசமே அளந்து பாத்துட்டேன். இனிமே இந்தப் படி ஏற என் உடம்புல ஒண்ணும் இல்லைங்க."

பெரியப்பா மெதுவாக இந்தப் பக்கம் திரும்பி அவளைப் பார்த்தார். பெரியம்மா உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"வாசலுக்கு எடது பக்கம். கீழேர்ந்து அஞ்சாவது வரிசை, மூணாவது கல்லு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஜன்னலோரமா உன் கட்டிலப் போட்டுக்க," என்றார்.