பனியில் கூப்பிட்ட குரல்

"பழைய பாடகரே திரும்பி வந்துட்டாரு, கேளுங்கப்பா," என்று மகன், எனக்குத் தலைவலி தரும் அந்த மெட்டல்கோர் இசைக்குழுவின் புது ஆல்பத்தைப் போட்டான். தொண்டை கிழியும் அந்த அலறலில் நான் பிறந்த மாரியூர்க் கடற்கரை கண்முன் வந்தது.

பனி மூடினால், கடலுக்குப் போனவர்களை அவரவர் வீட்டுப் பெண்தான் கரையில் நின்று கூப்பிடுவாள். வேறு குரலுக்குப் படகைத் திருப்பக் கூடாது. அது கடல் கூப்பிடுவது என்பார்கள். என்னைப் பெற்ற அய்யா கடலுக்குப் போயிருந்த ஒரு நாள் பனி மூடியது. அன்று அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவளுக்குப் பதிலாகச் சித்தி, "மச்சான், இங்கன வாங்க!" என்று கத்தினாள். மற்ற படகுகள் வந்தன. அய்யா வரவில்லை.

பிறகு தொண்டை சரியானது. பனி விழுந்த ஒவ்வொரு விடியலிலும் அம்மா கரைக்குப் போய்க் கத்தினாள்: "ஏங்க, நாந்தான் கூப்புடுறேன்!"

மகன் சத்தத்தைக் கூட்டினான். "பழைய குரல் அப்படியே இருக்குல்லப்பா?"

இருந்தது. தொண்டை சரியான அம்மாவின் குரலும் அப்படியேதான் இருந்தது.